பவானிபூரில் ஒரு லேண்ட்மாஸ்டர்

கைப்பையில் உடைந்த டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொண்டு கல்கத்தா பஸ்ஸில் ஏறுகிற பெண்பிள்ளையைக் கண்டக்டர் எப்படிப் பார்ப்பார் என்பது எனக்கு இப்போது தெரியும். பஸ் குலுங்கும்போதெல்லாம் பைக்குள் கடகடவென்று சத்தம். பக்கத்தில் இருந்த அம்மாள் முதலில் பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு தள்ளி உட்கார்ந்தாள்.

பொள்ளாச்சியில் எங்கள் அண்ணனிடம் ஒரு லேண்ட்மாஸ்டர் இருக்கிறது. அம்பாசடருக்கு முந்தின கார். அண்ணன் பெயர் தங்கவேல். சிறுவயதில் அவர் பானட்டுக்குள் தலையை விட்டிருக்கும்போதெல்லாம் டார்ச் பிடித்தவள் நான். அதனால் எந்தச் சாமான் எங்கே இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. போன வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. சாயங்காலம் ஆனால் கார் நிற்கிற ஷெட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அண்ணியும் அவரைத் தூக்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைப்போம். வண்டி எங்கும் போகாது. என்ஜின் மட்டும் ஓட வேண்டும். இடது கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அப்போதுதான் சாப்பிட வாயைத் திறப்பார். ரசம் சாதத்தை அண்ணி காரிலேயே ஊட்டுவாள்.

ஒரு நாள் என்ஜின் நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது காபி டம்ளர் அளவில் ஒரு சாமான். நாலு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது. அதன் தண்டு வளைந்து, மூடி விண்டுபோயிருந்தது. "அம்பாசடர் சாமான் இதுல உக்காராதுங்க்கா. கல்கத்தாவுல கெடைச்சாத்தான் உண்டு" என்றார் மெக்கானிக் மாணிக்கம். படம் அனுப்பி இரண்டு இடத்தில் வரவழைத்துப் பார்த்தோம். இரண்டும் வேறு. அதற்குள் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பாட்டை மறுக்க ஆரம்பித்துவிட்டார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்ன அன்று நான் கிளம்பினேன். பிலாயில் குடித்தனம் நடத்திய காலத்து ஹிந்தி கைகொடுக்கும் என்று நம்பிக்கை.

லேக் மார்க்கெட் பக்கம் தங்கினேன். கறிவேப்பிலையும் வாழைப்பூவும் விற்கிற தெருவில் இருந்ததால் வெளியூருக்கு வந்ததாகவே முதலில் தோன்றவில்லை. மெஸ்ஸில் இட்லி நன்றாக இருந்தது. சாம்பார் மட்டும் ஒரு துளி தித்தித்தது. சொன்னேன். "வங்காளத் தண்ணி மாமி, எதப் போட்டாலும் இனிச்சுடும்" என்றார் பரிமாறியவர். தை மாதக் குளிர். ஊரே குரங்குக் குல்லாவுக்குள் இருந்தது. நம்மூரில் இந்தக் குளிருக்கு ஒரு துண்டு போதும்.

மறுநாள் மல்லிக் பஜார். பழைய கார்களைப் பிரித்து விற்கிற கடைகள் வரிசையாக நிற்கிற இடம். நடைபாதை முழுக்க எண்ணெய்க் கறுப்பு. கியர் பெட்டிகளையும் கதவுகளையும் தலை உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு கல்லறைத் தோட்டம். மதில் ஓரத்தில் முகப்பு விளக்குகள் பிடுங்கப்பட்ட வண்டித் தலைகள் கல்லறைகளைப் பார்த்தபடி நின்றன. நடுப்பகலிலும் பனி விலகவில்லை. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

கடை கடையாக ஏறினேன். துண்டில் சுற்றியதைப் பிரித்துக் காட்டுவேன். உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவர் அம்பாசடர் மூடியைப் பொருத்திக்காட்ட முயன்று, கிளிப் எட்டாமல் தானே சிரித்தார். இன்னொருவர் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பழைய கார் ஹாரனை நீட்டினார். மத்தியானம் பட்டாணி வைத்த கச்சோரி சாப்பிட்டேன். அதைப்பற்றி நிறைய எழுதலாம். அன்றைக்கு இருந்த மனநிலையில் சூடு மட்டும்தான் நினைவிருக்கிறது.

கடைசியாக ஒரு வயசான தாடிக்காரர். என் உடைந்த மூடியைக் கையில் வாங்கி, திருப்பி, மூக்கின் அருகே கொண்டுபோய் வைத்தார்.

"லேண்ட்மாஸ்டர். இந்த பஜார்ல கிடையாது தீதி. இதே வண்டி ஒண்ணு பவானிபூர்ல இருக்கு. உங்க பாஷைக்காரங்க வீடுதான்."

"விப்பாங்களா?"

"நான் ஒரு தடவை வாங்கப் போனேன். பார்த்துட்டுத் திரும்பி வந்துட்டேன்."

"ஏன், துருவா?"

அவர் மூடியை என் துண்டில் வைத்து அவரே சுற்றினார். "பிரிச்சு விக்க நின்னுபோன வண்டிதான் வேணும். அது ஓடுற வண்டி" என்றார். வழி சொன்னார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். அந்த வண்டியைப்பற்றி மேலே ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓடுகிற வண்டி என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். ஓடுகிற வண்டியில் நல்ல டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவரிடம் உபரியாக இன்னொன்றும் இருக்கும். அன்றிரவு அண்ணிக்குப் போன் போட்டுக் கிடைத்துவிட்டது என்றே சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் பகல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். நம்மூர் ஆட்டோ மாதிரி வாசலில் கொண்டுவிடும் என்று நினைத்தது தப்பு. இங்கே ஆட்டோவுக்கும் பஸ் மாதிரி ரூட் உண்டு. பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர். நான் "பவானிபூர், பவானிபூர்" என்று சொல்லிக்கொண்டே இருக்க, அது தன் பாட்டுக்கு வேறெங்கோ போய் நின்றது. திரும்பி மெட்ரோ பிடித்து, காளிகாட்டில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி வடக்கே நடந்தேன்.

சந்து குறுகலானது. இரண்டு மாடி வீடு. பச்சை சன்னல்கள் சாயம் உரிந்திருந்தன. கீழே பெரிய மரக்கதவு போட்ட கார் ஷெட், வெளியே பூட்டு. மணி அடித்தேன். அறுபது கடந்த ஒரு அம்மாள் கம்பளிச் சால்வையோடு வந்து வங்காளியில் என்னவோ கேட்டார்.

"தமிழுங்க. பொள்ளாச்சி" என்றேன்.

"ஓ மா! உள்ள வாங்கோ, வாங்கோ."

அவர் பெயர் லலிதா. ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் அவருடைய அக்கா விசாலம் நாற்காலியில் இருந்தார். எண்பது இருக்கும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா காலத்தில் வந்த குடும்பம். லலிதா மாமி பாதி வாக்கியத்தில் வங்காளிக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார். விசாலம் மாமியின் தமிழ் அப்படியே இருந்தது. ஈச்சவெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். மென்று முடிக்கும்வரை காத்திருந்து, காரைப்பற்றிக் கேட்டேன்.

"சேது அண்ணாவோட வண்டி" என்றார் லலிதா மாமி. "அண்ணா போய் ரொம்ப வருஷமாச்சு. தினம் கார்த்தால மைதானத்தை ஒரு சுத்து சுத்திட்டு வருவான். ஒரு நாள் வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். நாங்க மாடில இருந்தோம். என்ஜின் ஓடிண்டே இருந்தது. குளிர் காலமாச்சே, சூடேத்திண்டிருக்கான்னு நெனச்சோம். ரொம்ப நாழி. எதுத்தாத்துக்காரர்தான் வந்து பார்த்தார். ஸ்டியரிங்ல சாஞ்சிண்டிருந்தான். ஹார்ட் நின்னுடுத்து."

"அப்புறம் யார் ஓட்டறாங்க?"

"யாரும் இல்லையே."

"பஜார்ல ஓடற வண்டின்னு சொன்னாங்க."

லலிதா மாமி அக்காவைப் பார்த்தார். விசாலம் மாமி சன்னலைப் பார்த்தார். "கீழ போய்க் காமி" என்றார்.

ஷெட்டைத் திறந்தோம். வண்டி செங்கல் மேல் நின்றது. நாலு சக்கரமும் இல்லை. பானட்டைத் தூக்கினோம். பாட்டரி இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த தட்டு மட்டும். பெல்ட் இல்லை. தண்ணீர்க் குழாயை எலி கடித்திருந்தது. பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்தேன். வெறும் துரு வாசனை. இது நகர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். என்ஜின் முழுக்கச் சிலந்தி வலை, பழந்துணி போட்டு மூடின மாதிரி. டிஸ்ட்ரிபியூட்டர் மேல் மட்டும் வலை இல்லை.

துடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கிளிப்பையும் தள்ளி மூடியை எடுத்தேன்.

இத்தனை வருஷம் கிடந்ததென்றால் உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்க வேண்டும். ஆற்று ஈரம் உள்ள ஊர் வேறு. உள்ளே சுத்தமாக இருந்தது. பொறி தட்டுகிற பாயின்டுகள் இரண்டும் வெள்ளிபோல் மின்னின. முனையில் நேற்று ஓடினாற்போல நீலத் தடம். ஓடி நிறுத்திய என்ஜினில் மூடியைக் கழற்றினால் ஒரு வாசனை வரும், இடி இடித்த பிறகு காற்றில் இருக்குமே அது. அந்த வாசனை வந்தது. கையில் இருந்த மூடி வெதுவெதுப்பாக இருந்தது. ஷெட்டில் மற்ற எல்லாம் சில்லென்று இருந்தன. பானட் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ்.

பின்னால் நின்ற லலிதா மாமிதான் கேட்டார்.

"சூடா இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. வாசற்படியிலேயே நின்றிருந்தார்.

"எடுத்துண்டு போயிடுங்கோளேன்" என்றார் மெதுவாக. "நான் குடுத்துடறேன். அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். கார்த்தாலயானா எழுந்து உக்காந்துடறா. எனக்குக் காது கேக்கலேன்னு சொல்லிண்டே நானும் எழுந்துடறேன். என்னால முடியல."

கழற்றி எடுத்திருக்கலாம். ஸ்பானர் பையில்தான் இருந்தது. ஏதோ தூங்குகிறவர் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றுகிற மாதிரி இருந்தது. மூடியைத் திரும்ப வைத்து, கிளிப்பை மாட்டிவிட்டு மாடிக்குப் போனேன்.

விசாலம் மாமியிடம் அண்ணனைப்பற்றிச் சொன்னேன். வாய் திறக்காததையும் குழாயையும் சொன்னேன். அழக்கூடாது என்று இருந்தேன், அழுதுவிட்டேன்.

"அவர் வண்டிய ஓட்டறாரோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க மாமி. சும்மா உக்காந்திருப்பார். சத்தம் வேணும் அவருக்கு."

கீழே சந்தில் ஒரு ரிக்‌ஷா மணி போயிற்று. "நாளைக்குக் கார்த்தால வா. இருட்டு பிரியறதுக்கு முன்னாடி. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் விசாலம் மாமி.

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. லலிதா மாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான்காம் நாள் விடியலில் டாக்சி எதுவும் நிற்கவில்லை. நின்ற ஒரு மஞ்சள் டாக்சிக்காரர் கொஞ்ச தூரம் போனதும் பனியில் கண் தெரியவில்லை என்று ஓரம் கட்டிவிட்டார். நடந்தேன். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. காளிகாட் பக்கம் யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆட்டைக் காணோம், மணிச் சத்தம் மட்டும் என்னைக் கடந்து போயிற்று. செம்பருத்தி மாலை கட்டுகிறவர்கள் தணலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கை மட்டும் பனிக்குள்ளிருந்து நீண்டு மண் குவளையில் டீ கொடுத்தது. அதைக் குடித்த தெம்பில் சந்துக்குள் நுழைந்தேன்.

பாதிச் சந்தில் கேட்டது.

லேண்ட்மாஸ்டர் சத்தம் எனக்குத் தெரியும். பழைய மாதிரி என்ஜின், அதிராது, அலறாது. பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். சிறுவயதிலிருந்து அந்தச் சத்தத்துக்குத்தான் நான் காலையில் கண்விழித்தேன். தப்பாகக் கேட்க வழியே இல்லை. ஷெட்டின் முன்னால் போய் நின்றேன். வெளியே பூட்டு அப்படியே தொங்கியது. கதவில் உள்ளங்கையை வைத்தேன். பலகை மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. கதவிடுக்கில் புகையோ வெளிச்சமோ இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பயந்து ஓடத் தோன்றவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். கால் நகரவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு சாவியைத் திருப்பி அணைக்கும்போது வருகிற கடைசித் துள்ளலோடு நின்றது.

எனக்குப் பின்னால் பல் துலக்கியபடி போன ஒருவர் யாருக்கென்றில்லாமல் ஏதோ சொல்லிவிட்டுப் பனிக்குள் மறைந்தார். வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்த லலிதா மாமியிடம் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'சேது அண்ணா இன்னிக்கு லேட், பனி ஜாஸ்தி'ங்கறார்" என்றார் மாமி.

பூட்டைத் திறந்தோம். செங்கல், சிலந்தி வலை, எல்லாம் நேற்று இருந்தபடியே. விசாலம் மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அவர் கீழே வந்து வருஷங்கள் ஆயிற்றாம். லலிதா மாமி பிடிக்கப் போனார், தட்டிவிட்டார். டிரைவர் பக்கத்துச் சன்னல் அருகே போய்க் குனிந்து நின்றார்.

"அண்ணா, பொள்ளாச்சிலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கா. அவ அண்ணா படுத்துண்டிருக்காராம், சாப்பிட மாட்டேங்கறாராம். இது வேணுமாம். குடுத்துடட்டுமா?"

நாங்கள் மூவரும் காத்திருந்தோம். காலியான சீட்டை நான் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துக்கோ" என்றார் விசாலம் மாமி.

துருவில் இறுகியிருக்கும், சுத்தியல் போட வேண்டியிருக்கும் என்று பயந்திருந்தேன். ஸ்பானரே தேவைப்படவில்லை. போல்ட் விரலில் கழன்றது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டோடு முழுசாக மேலே வந்தது. லலிதா மாமி ஒரு வங்காளிப் பேப்பரைக் கொண்டுவந்து தந்தார். சுற்றும்போது விசாலம் மாமி கைநீட்டி வாங்கி, கொஞ்ச நேரம் இரண்டு கைக்குள் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது அது சில்லென்று இருந்தது.

ரயிலில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் பெர்த்தில் ஒரு ஒரியாக் குடும்பம். அவர்கள் கொடுத்த அவலைத் தின்றேன், தூங்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தபடியே வந்ததுதான் அந்தப் பயணத்தின் கஷ்டம்.

மாணிக்கம் பொருத்தினார். "இவ்வளவு சுத்தமா எங்க புடிச்சீங்க்கா?" என்றார். முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது. அண்ணன் இடது கையை ஸ்டியரிங்கில் வைத்தார். அண்ணி கலங்கிய கண்ணோடு ஊட்ட, ஒரு கிண்ணம் முழுசும் இறங்கியது. டாக்டர் குழாய் பேச்சை விட்டார். அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு லலிதா மாமியின் போன் வந்தது.

"ஒண்ணும் கேக்கல, சரோஜா. நிஜமா நின்னுடுத்து. நான்தான் அது வேண்டாம்னேன். இப்போ அக்கா கார்த்தால படில வந்து உக்காந்துக்கறா. குளிர்ல. காபி வேண்டாங்கறா, சாதம் வேண்டாங்கறா. 'நானே அனுப்பிட்டேனே'ன்னு சொல்லிண்டே இருக்கா. அங்க... ஓடறதா?"

"ஓடுதுங்க மாமி."

"ஒரே ஒரு தடவை கேக்க விடறேளா?"

மறுநாள் விடிவதற்குள் அண்ணனை எழுப்பினோம். சாயங்காலம்தான் வழக்கம் என்பதால் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் ஏற்கெனவே விழித்துக்கொண்டு ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார வைத்து, என்ஜினை ஓடவிட்டு, போனை டேஷ்போர்டில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு விசாலம் மாமியின் குரல்.

"அண்ணா? மைதானம் போயிட்டு வரியா? மஃப்ளர் கட்டிண்டியோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் போன் பக்கம் தலையைத் திருப்பினார். தொண்டை ஏறி இறங்கியது. போன வருஷத்திலிருந்து ஒரு சத்தமும் வராத வாய்.

"ம்" என்றார்.

அண்ணி என் கையை இறுகப் பிடித்தாள். போனில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. விசாலம் மாமி எங்களிடம் பேசவில்லை, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"லலிதா, காபி போடு. அண்ணா வந்துட்டான்."